மூவாயிரம் ரூபாய் பில்லும் ஆறிப்போன களியும்

வாசகர் கடிதம்:

நான் கிருஷ்ணகிரியில் வசிக்கிறேன். தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. சென்ற மாதம் அம்மாவுக்கு அறுபது வயது நிறைந்தது. அன்று ஒரு நாளாவது அவர் அடுப்படிக்குப் போகக் கூடாது என்று நினைத்து, அப்பா, அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள் என ஆறு பேருமாக ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் ஏ.சி. உணவகத்துக்குப் போனோம். 'கிராமத்துச் சமையல்' என்று பெரிய எழுத்தில் போர்டு வைத்திருக்கிறார்கள். ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் நான்கு செட், ஒரு செட் 320 ரூபாய். பிள்ளைகளுக்கு மட்டன் பிரியாணி இரண்டு, ஒன்று 380 ரூபாய். மீன் வறுவல் 350, தண்ணீர் பாட்டில் மூன்று 120, ஐஸ்கிரீம் இரண்டு 240. இவற்றோடு 5 சதவீதம் சேவைக் கட்டணமும் 5 சதவீதம் ஜிஎஸ்டியும் சேர்த்து 3,032 ரூபாய் கட்டினோம். களி ரப்பர் போல இழுத்தது. மேலே தோல் கட்டியிருந்தது. குழம்பில் எண்ணெய் மிதந்ததே தவிர, மணம் இல்லை. அம்மா பாதி உருண்டையோடு கையை எடுத்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ காசு? நானே கிண்டிப் போட்டிருப்பேனே" என்றார். எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா காலை ஐந்தரை மணிக்கே எழுந்து, மனைவியும் கூட நிற்க, அதே களியையும் குழம்பையும் வீட்டில் செய்தார். ஒன்றரைக் கிலோ நாட்டுக்கோழி உட்பட மொத்தச் செலவு 1,050 ரூபாய்தான். ஆறு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம். எல்லோருக்கும் சூடாகப் பரிமாறிவிட்டு அம்மா கடைசியாகச் சாப்பிட்டார். இனி ஓட்டல் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். நாங்கள் ஏமாற்றப்பட்டோமா? என் முடிவு சரிதானா?

உணவகத் தொழில் ஆலோசகரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம். இருபத்திரண்டு ஆண்டுகள் ஓட்டல் சமையல் கூடங்களில் நின்றவன் என்ற முறையிலும், களி தின்று வளர்ந்த தருமபுரிக்காரன் என்ற முறையிலும் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது அந்த உணவகத்தின் மீது கோபம் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வாக்கியம் என்னை நிறுத்திவிட்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நீங்கள் கேட்டிருப்பது பணத்தைப் பற்றி என்பதால், முதலில் பில்லையே எடுத்துக்கொள்வோம்.

நீங்கள் உண்ட பொருள்களின் விலை மட்டும் 2,750 ரூபாய். அதன் மீது போடப்பட்ட 137 ரூபாய் 50 காசு சேவைக் கட்டணத்தை நீங்கள் கட்டியிருக்க வேண்டியதில்லை. ஓட்டல்களும் உணவகங்களும் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. அதை எதிர்த்து உணவகச் சங்கங்கள் தொடுத்த வழக்கில், அந்த நெறிமுறை செல்லும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் மாதம் தீர்ப்பளித்தது. விரும்பினால் வாடிக்கையாளர் கொடுக்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்று பில்லில் அச்சடித்து நீட்டக் கூடாது. அந்தக் கட்டணத்தின் மீதும் வரி ஏறியிருப்பதால், இந்த வகையில் உங்களிடமிருந்து கூடுதலாகப் போனது 144 ரூபாய். அடுத்த முறை எங்கே பார்த்தாலும் "இதை எடுத்துவிட்டு வேறு பில் கொடுங்கள்" என்று கல்லாவில் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஜிஎஸ்டி 5 சதவீதம் என்பது சரியான விகிதம்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இணக்க வரித் திட்டத்தில் (காம்போசிஷன் ஸ்கீம்) பதிவு செய்துகொண்ட சிறிய உணவகங்கள் தங்கள் விற்பனையின் மீது தாங்களே வரி கட்ட வேண்டுமே தவிர, வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. ஆகவே பில்லில் ஜிஎஸ்டி எண்ணும், இணக்க வரித் திட்டம் பற்றிய குறிப்பும் இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்ல வழக்கம். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் பில்லில் இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலை அச்சிட்ட விலைக்கு மேல் விற்றிருந்தாலும், உட்கார வைத்துப் பரிமாறும் இடம் என்பதால் அதைச் சட்ட மீறல் என்று சொல்ல முடியாது. உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரிலேயே அப்படித் தீர்ப்பளித்துவிட்டது. உட்கார்ந்தவுடன் பாட்டிலைத் திறந்து வைக்கும் சப்ளையரிடம், "சாதாரணத் தண்ணீர் கொடுங்கள்" என்று திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவதுதான் வழி.

களிக்கு 320 ரூபாய் என்பதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. உணவகம் தன் உணவுக்குத் தானே விலை வைக்கலாம். அந்த விலையை முன்கூட்டியே மெனுவில் காட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ருசி இல்லை என்பதற்காக நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் நிற்காது. நாட்டுக்கோழி என்று எழுதிவிட்டு பிராய்லரைப் போட்டிருந்தால் அது வேறு கதை. ஆனால் உங்கள் கடிதத்தில் அந்தச் சந்தேகம் இல்லாததால் அதற்குள் போகவில்லை.

இப்போது உங்கள் ஒப்பீட்டுக்கு வருகிறேன். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர். ஆகவே கணக்காகவே பேசலாம். 3,032 ரூபாய்க்கு எதிரே 1,050 ரூபாயை வைத்திருக்கிறீர்கள். ஆனால் வீட்டில் பிரியாணி இல்லை, மீன் வறுவல் இல்லை, ஐஸ்கிரீம் இல்லை. ஒரே பொருளை ஒரே பொருளோடு வைத்துப் பார்க்க வேண்டுமென்றால், அந்த உணவகத்தில் ஆறு பேரும் களியும் குழம்புமே சாப்பிட்டிருந்தால் 1,920 ரூபாயும் 5 சதவீதம் வரியும் சேர்த்து 2,016 ரூபாய் ஆகியிருக்கும். வீட்டுச் செலவான 1,050 ரூபாயை இந்தத் தொகையோடுதான் ஒப்பிட வேண்டும்.

இந்த 1,050 ரூபாயில் யாருடைய கூலி இருக்கிறது? அம்மா காலை ஐந்தரை மணிக்கு எழுந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். கோழியைச் சுத்தம் செய்வது, மஞ்சள் பூசிக் கழுவுவது, மல்லியும் மிளகாயும் வறுப்பது, தேங்காய் அரைப்பது, சின்ன வெங்காயம் உரிப்பது, குழம்பு கொதிக்கும்போது பக்கத்திலேயே நிற்பது, பிறகு களி, பிறகு பரிமாறுவது, பிறகு அடி பிடித்த களிச் சட்டியை ஊற வைத்துத் தேய்ப்பது என்று பார்த்தால், இரண்டு பெண்களுக்கு அது ஒரு முழு நாள் வேலை. 2025-26ஆம் நிதியாண்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். கைத்தேர்ச்சி வேண்டியிராத மண் வேலைக்கான கூலி அது. அறுபது வயது வரை கை பழகிய ஒரு சமையற்காரருக்கும் அவருடைய உதவியாளருக்கும் அந்தக் கூலியையே போட்டால்கூட 672 ரூபாய் சேர்கிறது. உங்கள் வீட்டுச் சாப்பாட்டின் விலை 1,722 ரூபாய் ஆகிவிட்டது; சிலிண்டர் செலவை நான் இன்னும் சேர்க்கவில்லை. உணவகத்துக்கும் வீட்டுக்கும் இடையே இருப்பதாக நீங்கள் நினைத்த இரண்டாயிரம் ரூபாய் இடைவெளி, 294 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. அந்த 294 ரூபாய்க்குள்தான் கட்டட வாடகை, ஏ.சி. ஓடும் மின்சாரம், சப்ளையர் சம்பளம், பாத்திரம் கழுவுபவர் சம்பளம், முதலாளியின் லாபம் எல்லாம் அடங்க வேண்டும்.

அடங்காது. அதனால்தான் அவர்கள் பொருளில் கை வைக்கிறார்கள். நான் வேலை பார்த்த இடங்களிலெல்லாம் எங்களுக்குச் சொல்லித் தரப்பட்ட பொது விதி ஒன்றுண்டு: நூறு ரூபாய்க்கு விற்கும் பண்டத்தில் மளிகை, காய், கறி எல்லாம் சேர்த்து முப்பது முதல் முப்பத்தைந்து ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. அந்த விதிப்படி பார்த்தால் 320 ரூபாய் செட்டில் பொருளின் விலை நூற்றுப் பத்து ரூபாயைச் சுற்றித்தான் இருக்கும். உங்கள் வீட்டிலோ 1,050 ரூபாயை ஆறால் வகுத்தால் ஒருவருக்கு 175 ரூபாய்க்குப் பொருள் விழுந்திருக்கிறது. அம்மாவின் குழம்பில் கறியும் தேங்காயும் சின்ன வெங்காயமும் நிஜமாகவே கூடுதலாக இருந்தன. ருசி வேறுபட்டதற்கு 'கைப்பக்குவம்' மட்டுமே காரணம் என்று சொல்லிவிடக் கூடாது. சட்டிக்குள் விழுந்த பொருளே வேறு.

இனி அந்தக் களியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது என்னை உண்மையிலேயே வருத்தப்படுத்திய செய்தி. நம் இரண்டு மாவட்டங்களிலும் கேழ்வரகு அன்றாட உணவு. 2023ஆம் ஆண்டில் நீலகிரியோடு தருமபுரி மாவட்டத்திலும் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள் என்றால், அது இங்கே உண்ணப்படுகிறது என்பதால்தான். அந்தக் களியை நம் ஊர்க்காரருக்கே ரப்பராக்கிப் பரிமாறுவது எனக்குப் பொறுக்கவில்லை.

களி ஏன் அப்படி ஆயிற்று என்று என்னால் சமையல் கூடத்துக்குள் போகாமலே சொல்ல முடியும். கேழ்வரகு மாவில் இருக்கும் மாவுச்சத்து கொதிக்கிற தண்ணீரில் நீரை உறிஞ்சி, விரிந்து, இளகுகிறது. ஆற ஆற அது மறுபடியும் இறுகுகிறது. மேல்புறம் காற்றுப் பட்டுத் தோல் கட்டுகிறது. இட்லியை ஒரு மணி நேரம் ஹாட் பாக்ஸில் வைத்துக் கொடுக்கலாம். குழம்பை மூன்று மணி நேரம் வைத்துக் கொடுத்தால் சில சமயம் ருசி கூடவே செய்யும். களி அப்படிப்பட்டதல்ல. சட்டியிலிருந்து எடுத்து, ஈரக் கையால் உருட்டி, தட்டில் விழுந்த பத்து நிமிடத்துக்குள் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்கினால்தான் களி. ஒரு ஆர்டருக்கு ஒரு தடவை என்று களி கிண்ட எந்தப் பெரிய உணவகத்திலும் ஆள் கிடையாது. காலை பதினொரு மணிக்கு ஐம்பது உருண்டை உருட்டி மூடி வைப்பார்கள், நீங்கள் இரண்டு மணிக்குக் கேட்டால் மைக்ரோவேவில் ஒரு நிமிடம் வைத்து அனுப்புவார்கள். உள்ளே கொதிக்கும், ஓரம் காய்ந்திருக்கும், நடுவே இழுக்கும். நீங்கள் சாப்பிட்டது அதுதான்.

குழம்பின் கதையும் ஏறக்குறைய இதுவே. பல உணவகங்களில் வெங்காயமும் தக்காளியும் வதக்கி அரைத்த ஒரே கிரேவியைக் காலையிலேயே பெரிய அண்டாவில் தயாரித்து வைத்துக்கொள்வார்கள். ஆர்டர் வந்ததும் அதில் இரண்டு கரண்டி எடுத்து, முன்பே வேக வைத்த கறியைப் போட்டு, அந்தந்தப் பெயருக்குரிய பொடியைத் தூவி, மேலே எண்ணெய் விட்டு அனுப்புவார்கள். பத்து நிமிடத்தில் மேசைக்கு வர வேண்டுமென்றால் வேறு வழியில்லை. நாட்டுக்கோழியோ அவசரத்துக்கு மசியாத கறி. அதன் சாறு குழம்பில் இறங்கவே முக்கால் மணி நேரமாவது மெதுவாகக் கொதிக்க வேண்டும். மணம் இல்லை என்று நீங்கள் எழுதியது, கறியும் மசாலாவும் ஒன்றாகக் கொதிக்காமல் கடைசி நிமிடத்தில்தான் சந்தித்துக்கொண்டன என்பதைக் காட்டுகிறது.

நெடுஞ்சாலை உணவகத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. ஓசூர் சாலையில் போகிற கார்களில் பெரும்பாலானவை பெங்களூருக்கோ சேலத்துக்கோ போகிறவை. அந்த வாடிக்கையாளர் நாளை திரும்பி வரமாட்டார். அவரை இழுப்பது போர்டும், கார் நிறுத்த இடமும், சுத்தமான கழிப்பறையும்தான். குழம்பின் ருசி கடைசியில்தான் வருகிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி நகரங்களுக்குள் பேருந்து நிலையத்தையும் நீதிமன்றத்தையும் ஒட்டி நடக்கும் சின்ன மெஸ்களின் நிலைமை நேரெதிர். அங்கே சாப்பிடும் குமாஸ்தாவும் கடைக்காரரும் நாளைக்கும் வர வேண்டும். இன்று புளிக்குழம்பு சரியில்லை என்றால் நாளை இலை காலியாகக் கிடக்கும். ஒரு உணவகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கே தினமும் வருகிறவர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். நான் எந்த ஊருக்குப் போனாலும் இதை மட்டும்தான் பார்க்கிறேன்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இது. பில்லில் 144 ரூபாய் அளவுக்கு உங்களிடம் தவறாக வாங்கினார்கள். 'கிராமத்துச் சமையல்' என்று எழுதிவிட்டுக் கிராமத்தில் யாரும் வாயில் வைக்காத களியைக் கொடுத்தார்கள். அது அவர்களுடைய பெரிய தவறு, அதை அந்த இடத்திலேயே சொல்லித் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஒரு வாய் வைத்தவுடன் சொன்னால் நல்ல மேலாளர் மாற்றித் தருவார், அல்லது பில்லில் குறைப்பார். முழுவதும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து வருந்துவதால் உங்களுக்கும் பயனில்லை, அந்தச் சமையல் கூடத்துக்கும் செய்தி போய்ச் சேராது. ஆனால் விலையைக் கொள்ளை என்று நான் சொல்லமாட்டேன். வீட்டுக் கணக்கில் இரண்டு பேருடைய உழைப்பு சுழியமாக எழுதப்பட்டிருப்பதால்தான் அது அப்படித் தெரிகிறது.

இனி, என்னை நிறுத்திய அந்த வாக்கியம்: "எல்லோருக்கும் சூடாகப் பரிமாறிவிட்டு அம்மா கடைசியாகச் சாப்பிட்டார்."

ஐயா, களி பத்து நிமிடத்தில் இறுகும் என்று மேலே எழுதினேன். ஐந்து பேருக்கு உருண்டை போட்டு, குழம்பு ஊற்றி, இரண்டாம் முறை கேட்டவர்களுக்குப் போட்டு, பேரப்பிள்ளை சிந்தியதைத் துடைத்து, பிறகு அவர் உட்கார்ந்தபோது அவர் தட்டில் இருந்த களி எப்படி இருந்திருக்கும்? மேலே தோல் கட்டியிருக்கும். இழுத்திருக்கும். நெடுஞ்சாலை உணவகத்தில் 320 ரூபாய் கொடுத்து நீங்கள் ஒரு முறை சாப்பிட்டு மனம் கசந்த அதே களியைத்தான், களி கிண்டுகிற ஒவ்வொரு நாளும் உங்கள் அம்மா உங்கள் வீட்டில் சாப்பிட்டு வந்திருக்கிறார். அவர் யாருக்கும் கடிதம் எழுதவில்லை.

இதைக் குற்றம் சாட்டுவதற்காக எழுதவில்லை. என் வீட்டிலும் இதேதான் நடந்தது, எனக்கே வெகு காலம் இது உறைக்கவில்லை. பாலக்கோடு பக்கத்தில் எங்கள் கிராமம். நான் வெளியூர் ஓட்டல் ஒன்றில் சமையல் வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு முறை அம்மாவைக் கண் பரிசோதனைக்காகத் தருமபுரிக்கு அழைத்துப் போனேன். பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்தோம். தொழிலில் இருப்பவன் என்ற கர்வத்தில், இட்லி கொஞ்சம் கனமாக இருக்கிறது, சாம்பாரில் பருப்பு போதாது என்று நான் மனதுக்குள் குறை கண்டுகொண்டிருந்தேன். அம்மா மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டு இன்னும் இரண்டு கேட்டார். வீட்டில் இரண்டுக்கு மேல் அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. "நல்லா இருக்காம்மா?" என்று கேட்டேன். "உக்காந்த எடத்துக்கு ஆவி பறக்க வருதுடா" என்றார். அவர் இட்லியின் பக்குவத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த நாலணா பெறாத இட்லியில், அதுவரை எனக்குத் தெரியாத ஒரு ருசி அவருக்குக் கிடைத்திருந்தது. நாள் முழுவதும் அடுப்படியில் நிற்பவருக்கு, தான் எழுந்திருக்காமல் தன் இலைக்குச் சூடாக ஒன்று வந்து விழுவதே பெரிய பண்டம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

உங்கள் அம்மாவுக்கு நீங்கள் கொடுக்க நினைத்ததும் அதுதானே? அடுப்படிக்குப் போகாத ஒரு நாளை அவருக்குக் கொடுக்க விரும்பினீர்கள். அந்த எண்ணம் அருமையானது. தவறு நடந்தது இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் மட்டுமல்ல, உணவைத் தேர்ந்தெடுத்ததிலும்தான். நாற்பது ஆண்டுகளாகக் களி கிண்டியவரை அழைத்துப் போய், அவர் முன்னே களியையே வைத்தீர்கள். அவர் அதை உண்பாரா, சோதிப்பாரா? மாவு வெந்திருக்கிறதா, உப்பு சரியா, கோழி இளசா முற்றலா என்று அவருடைய நாக்கு வேலை செய்யத் தொடங்கிவிட்டது. ஓய்வுக்கு வந்தவர் மேற்பார்வையாளராகிவிட்டார். "நானே கிண்டிப் போட்டிருப்பேனே" என்ற சொல்லில் உங்கள் மீது குறை எதுவும் இல்லை. மகனின் காசு போனதே என்ற பதைப்பும், தன் கை இன்னும் தேவைப்படுகிறது என்ற நிம்மதியும் கலந்து அப்படி வந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது.

வெளியே போனால், வீட்டில் செய்ய முடியாததைச் சாப்பிட வேண்டும். இதை நான் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன், குடும்பங்களுக்கும் சொல்கிறேன். தந்தூரி அடுப்பின் சூடு எந்த வீட்டு அடுப்புக்கும் வராது. அதில் சுட்ட ரொட்டிக்குக் கொடுக்கும் காசு வீணில்லை. பிசைந்த மைதாவை மணிக்கணக்கில் ஊற வைத்து, விசிறி, சுருட்டி, கல்லில் போட்டுத் தட்டி எடுக்கும் பரோட்டா, பழகிய மாஸ்டரின் கையில்தான் அடுக்கு அடுக்காகப் பிரியும். பெரிய அண்டாவில் தம் போட்ட பிரியாணியின் பதம், அரைப்படி அரிசியில் வருவதில்லை. அத்தனை அரிசியும் கறியும் தேக்கி வைக்கும் சூடே அதை வேக வைக்கிறது. முறுகலாகப் பெரிய கல்லில் வார்த்த தோசையும் அப்படித்தான், தோசை வார்ப்பவர் கடைசியில் சாப்பிடுவது வீட்டுக்கு வீடு நடப்பதால் அதற்கு இரட்டைப் பொருத்தம் உண்டு. உங்கள் அம்மாவிடம் "எங்கே போகலாம்?" என்று கேட்காதீர்கள், "எதுக்கும்மா வீண் செலவு" என்றுதான் பதில் வரும். "ரவா தோசையா, பரோட்டாவா?" என்று கேளுங்கள். பதில் வந்துவிடும்.

ஒகேனக்கல்லுக்கு ஒரு நாள் அழைத்துப் போவதும் நல்லது. அங்கே மீனை நீங்களே பார்த்து வாங்கிக் கொடுத்தால், அங்கிருக்கும் பெண்கள் அதைச் சுத்தம் செய்து, மசாலா தடவி, வறுத்தும் குழம்பு வைத்தும் தருவார்கள். மீனுக்கு ஒரு விலை, மளிகைக்கு ஒரு விலை, சமைக்கும் கைக்குத் தனியாக ஒரு கூலி. எனக்கு அந்த முறை மிகவும் பிடிக்கும். சமையல் என்ற உழைப்புக்கு இவ்வளவு என்று முகத்துக்கு நேரே பேசிக் கொடுக்கிற இடம் அது. கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், ஆனால் அதில் அதிகம் பேரம் பேசாதீர்கள். அம்மா கல்லின் மேல் உட்கார்ந்து காவிரியைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். வேறொரு பெண்ணின் கைக்குழம்பு அவருக்கு முன்னால் வரட்டும். அந்தக் குழம்பு அவருடைய குழம்பைவிடக் காரமாக இருக்கலாம், புளிப்பாக இருக்கலாம். வீட்டுச் சமையல் ஆறு பேருடைய நாக்கையும் தெரிந்து செய்யப்படுவது. அப்பாவுக்கு உப்பு மட்டு, உங்களுக்குக் காரம் கூட, சின்னவனுக்கு மிளகு நீக்கி என்று அதில் எவ்வளவோ கணக்கு இருக்கிறது. அதை வெளியே எங்கேயும் எதிர்பார்க்க முடியாது. எதிர்பார்க்காமல் போனால் மனம் கசக்காது.

உங்கள் இரண்டாவது கேள்வி, இனி ஓட்டலுக்கே போவதில்லை என்ற முடிவைப் பற்றியது. அந்த முடிவை நீங்கள் எடுத்தால் அதைச் சுமக்கப் போவது நீங்களல்ல. ஓட்டலுக்குப் போகாத ஒவ்வொரு விசேஷ நாளும் உங்கள் அம்மாவும் மனைவியும் காலை ஐந்தரை மணிக்கு எழுந்திருக்கும் நாள். ஆகவே அந்த முடிவு சரியில்லை என்பதே என் கருத்து. மாதம் ஒரு முறையாவது, சின்ன இடமாக இருந்தாலும், வெளியே போங்கள். போவதற்கு முன் மனைவியையும் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அவருக்கு என்ன பிடிக்கும் என்பது எங்குமே இல்லை.

வீட்டில் மறுபடியும் களி கேட்கத் தோன்றினால், களியை நீங்கள் கிண்டுங்கள். இதைச் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. களி கிண்டுவது தோள்பலம் வேண்டிய வேலை, அறுபது வயதில் மணிக்கட்டு வலிக்கும். குழம்பை முந்தின நாள் மாலையே வைத்துவிடலாம், நாட்டுக்கோழிக் குழம்பு மறுநாள் இன்னும் நன்றாகவே இருக்கும். ஒரு பங்கு மாவுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு தண்ணீர். கனமான பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க விட்டு, கைப்பிடி அரிசி நொய்யைப் போட்டுக் குழைய வேக விடுங்கள். உப்பு போட்டு, மாவைக் குவியலாக நடுவில் கொட்டி, துடுப்பின் காம்பால் குவியலின் நடுவே ஒரு குழி செய்து, தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். கிளறிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். கிளறினால் கட்டி தட்டிவிடும். ஐந்தாறு நிமிடத்தில் குழி வழியாகத் தண்ணீர் கொப்பளித்து மாவின் மேலே ஏறும், பச்சை வாடை போய்விடும். அப்போது பாத்திரத்தை இறக்கி, இரண்டு காலாலும் துணி வைத்து அணைத்துக்கொண்டு, துடுப்பைப் பாத்திரத்தின் பக்கவாட்டில் அழுத்தி அழுத்தி ஒரே பக்கமாகக் கிண்டுங்கள். உலர்ந்த மாவு எங்கும் தெரியாமல், ஈரக் கையால் தொட்டால் ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. முதல் தடவை கட்டி விழும். அம்மா சொல்லித் தருவார், உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லித் தரட்டும்.

அதற்கு முன்பே அவரை அழைத்துத் தட்டின் முன் உட்கார வைத்திருங்கள். முதல் உருண்டையை அவர் தட்டில் வைத்து, நடுவில் குழி செய்து, குழம்பை நீங்களே ஊற்றுங்கள். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை, உப்பு எங்கே, தண்ணீர்ச் சொம்பு எங்கே என்று வீட்டில் யாரும் அவரை எழுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.